வெல்டிங் பிடிக்க முன்னம்: பழைய ஹைஏஸுக்குள் ஒரு டீசல் எஞ்சின்

பழைய ஹைஏஸ் வானுக்கு எஞ்சின் மாற்றும் கதை வன்னியில் எந்தக் கராஜில் தொடங்கினாலும் குதிரைவலுவில்தான் தொடங்குகிறது. "அண்ணை, காசு செலவழிக்கிறதெண்டு முடிவெடுத்தாச்சு, பிறகு ஏன் யோசிப்பான்? ஒரு 1 கேஇசட்டைத் தூக்கி வையுங்கோ." இந்தப் பேச்சோடு எனக்கு நெடுநாளாகவே ஒத்துப்போக முடியவில்லை. 1 கேஇசட் டொயோட்டாவின் டீசல் எஞ்சின். மூன்று லீற்றர், டேர்போ, 130 குதிரைவலு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் நடுவில், மத்தியான வெயிலில், உள்ளே கட்டிலும் தண்ணீர்த் தாங்கியும் அடுப்பும் பூட்டிய ஒரு பழைய வான் நின்றுபோனால், அந்த 130 இல் ஒன்றும் உதவிக்கு வராது. அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

நான் இங்கே எழுதுவது 1977க்கும் 1982க்கும் இடையில் வந்த இரண்டாம் தலைமுறை ஹைஏஸ் பற்றி. அதிலும் பெற்றோல் 12 ஆர் எஞ்சினோடு வந்தவை பற்றி. 1587 சிசி, நாலு கியர். அந்தக் காலத்துக்கு அருமையான எஞ்சின்தான். ஆனால் பின்னால் ஒரு சின்ன வீட்டையே ஏற்றிய பிறகு அது பெற்றோலைக் குடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, பிஸ்டன் றிங் தேடிப் போனால் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலேயே கையை விரிக்கிறார்கள். ஆகவே எஞ்சினை மாற்றுவது சரியான முடிவு. எதை, எப்படி என்பதில்தான் பிழை விடுகிறோம்.

எவ்வளவு வலு வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 லீற்றர் தண்ணீர் என்றால் 60 கிலோ. இரண்டாவது பற்றறி 20 கிலோவுக்குக் கிட்ட. காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 12.5 கிலோ, இரும்பு வேறு. பலகை, மெத்தை, நாலு பேர், சாமான்கள் எல்லாம் சேர்ந்து வான் இரண்டு தொன்னில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வான் சமதரையில் மணிக்கு 70 கிலோமீற்றர் ஓட, காற்றையும் ரயர் உராய்வையும் வெல்ல, சில்லில் வேண்டியது 17 குதிரைவலு அளவில்தான். கியர் பெட்டியிலும் டிப்ரென்ஷியலிலும் போவதைச் சேர்த்தாலும் 20ஐப் பெரிதாகத் தாண்டாது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மலைநாட்டுக்கே போனாலும், நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றத்தில் 40 இல் ஏற 30 குதிரைவலுவுக்குக் கிட்ட வேண்டும். டொயோட்டாவின் எல் குடும்பத்து டீசல்களில் 2779 சிசி 3 எல் (அது எஞ்சினின் பெயர், லீற்றர் கணக்கல்ல) 90 தருகிறது. 2986 சிசி 5 எல் இன்னும் கொஞ்சம் கூடத் தருகிறது. டேர்போ இல்லாமலேயே வலு மிஞ்சித்தான் கிடக்கிறது.

இப்படிச் சொன்னால், ஏற்றத்தில் 3 எல் இழுபடும் என்பார்கள். இழுபடும்தான், மூன்றாம் கியரில் ஆறுதலாக ஏறும். அதில் குறை ஒன்றுமில்லை. 1979 இல் செய்த வானின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டனவோ, அந்த வேகத்தில்தான் 3 எல் அதை ஓட்டும். 130 குதிரைவலுவைப் போட்டுவிட்டுப் பழைய ட்ரம் பிரேக்கோடு ஏ9 இல் மாட்டுக்கு முன்னால் நிற்கப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னுமொன்று. எல் குடும்பத்து எஞ்சின்களுக்கு டீசலை அழுத்தி ஊட்டும் டென்சோ விஇ பம்ப் முழுக்க இயந்திர முறையில் வேலை செய்வது. எஞ்சின் ஓட அதற்கு மின்சாரம் வேண்டியது ஒரேயொரு இடத்தில்: டீசல் வழியைத் திறந்து மூடும் சொலினொயிட் என்ற மின்வால்வுக்கு 12 வோல்ட். காலையில் ஸ்டார்ட் பண்ண, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளின் றிலேக்கு இன்னொரு வயர். இரண்டு வயரில் வேலை முடிகிறது. 1 கேஇசட்டின் மின்னணு வகையான 1 கேஇசட் டிஇ அப்படியில்லை. பம்ப்புக்கே ஒரு கொம்பியூட்டர், அதற்குச் சென்சர்கள், அவற்றுக்கு வயர்க்கட்டு என்று வரிசையாக வரும். அதன் அலுமினியம் ஹெட் ஒருதரம் கொதித்தால் வெடிப்பு விடுவதற்குப் பேர்போனது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கும் எல் எஞ்சின்களுடையதோடு பொருந்தாது, அதற்கென்று கியர் பெட்டி தேடவேண்டும். நல்ல எஞ்சின், தனக்குரிய வானில் அருமையாக ஓடும். நாற்பது வருடத்துக்கு மேல் பழைய வானுக்குள், கிரவல் றோட்டுத் தூசியில், வெட்டி ஒட்டிய வயரோடு அது படும்பாடு வேறு. 3 எல், 5 எல் அப்படியில்லை. இந்த எஞ்சின்களோடு வந்த பிந்திய ஹைஏஸான டொல்பின் வான் ஓடாத ஊர் இங்கே இல்லை. அந்த எஞ்சினில் கை வைக்கக்கூடிய ஒருவர் மாங்குளத்திலும் இருப்பார், மல்லாவியிலும் இருப்பார், புதுக்குடியிருப்பிலும் இருப்பார்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அது அழுத்தம் குறைந்த, காபரேற்றர் வைத்த எஞ்சின்களின் பொறுமை. விஇ பம்ப்புக்குள் தனியாக ஒயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசலேதான் அதற்கு வழுக்கல். மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப்பின் உள்தேய்மானம் அன்றே தொடங்கிவிடும். அந்த நாள் அனுபவத்தை வைத்து இந்த எஞ்சினுக்குக் கணக்குப் போடவேண்டாம்.

எஞ்சினை வாங்கும்போது

முடிந்தால் ஹைஏஸிலிருந்து கழற்றிய எஞ்சினையே தேடுங்கள். ஹைலக்ஸிலும் லொறியிலும் வந்த 3 எல் உள்ளே ஒன்றுதான், ஆனால் அடியில் ஒயில் தேங்கும் சம்ப்பின் பள்ளம் இருக்கும் இடம், எக்சோஸ்ட் திரும்பும் திசை, மவுண்டிங் கை எல்லாம் வேறுபடும். ஆசனத்துக்குக் கீழே அடங்கவேண்டிய எஞ்சினுக்கு இவை சின்ன விடயங்களல்ல. லொறியிலிருந்து வந்ததென்றால் ஸ்டாற்றரிலும் அல்டனேற்றரிலும் 24 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினை மட்டும் வாங்காமல், ஐந்து கியர் பெட்டி, கிளச், ஃபிளைவீல், கியர் மாற்றும் தடிகள், வக்குவம் பம்ப்போடு கூடிய அல்டனேற்றர், இரு பக்க மவுண்டிங் கையும் றபரும், றேடியேற்றர், அதன் பின்னால் ஃபேனைச் சுற்றி வரும் காற்று மறைப்பு, குளோ றிலே என்று ஒரே வானிலிருந்து ஒரே நாளில் எடுத்தால் பின்னால் ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

கொம்பிறஷன் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது. குளோ பிளக் ஓட்டையில் டீசல் கேஜைப் பூட்டி, நல்ல பற்றறியில் ஸ்டாற்றரைச் சுற்றவேண்டும். நல்ல 3 எல் 30க்கு மேல் காட்டும், சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில். 20க்குக் கீழே போனால் வேண்டாம். அதைவிட முக்கியம் நாலு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம். 5 கிலோவைத் தாண்டக்கூடாது. பிறகு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். புகை மெல்ல வருவது பழைய டீசலுக்கு இயல்பு. மூடியை மேலே வைத்தால் துள்ளி விழுகிற அளவுக்கு ஊதினால் றிங் முடிந்துவிட்டது. றேடியேற்றரில் தண்ணீர் நிரப்பி, மூடியில்லாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அவசியம். விடாமல் குமிழி வந்தால் ஹெட்டோ கஸ்கெற்றோ போயிருக்கிறது.

எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் டைமிங் பெல்ற்றை மாற்றாமல் வானுக்குள் ஏற்றவேண்டாம். ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருதடவை மாற்றவேண்டிய பெல்ற் அது. ஜப்பானில் எவ்வளவு ஓடியது என்று எவருக்கும் தெரியாது. அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டும், கேம் சாப்ட்டே உடையலாம். வெளியில் இருக்கும்போது அரைநாள் வேலை, உள்ளே போனபிறகு ஆசனம் கழற்றிக் குனிந்து செய்யும் வேலை. அதோடு டென்ஷனர், வோட்டர் பம்ப், முன்பின் ஒயில் சீல்கள், கிளச் தட்டு, பேறிங். வால்வு இடைவெளியையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்துவிடலாம்: உள்வால்வுக்கு 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், வெளிவால்வுக்கு 0.40 முதல் 0.50. ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், பிஸ்டன் புளொக்குக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜில் அளந்து, பி, டி, எஃப் என்ற மூன்று தடிப்பில் எது வேண்டுமோ அந்தக் கஸ்கெற்றைப் போடவேண்டும். கடையில் இருந்ததைப் போட்டால் ஒன்றில் ஸ்டார்ட் கஷ்டம், அல்லது பிஸ்டன் ஹெட்டைத் தொடும். போல்ற்றுகள் முதலில் 78 நியூட்டன் மீற்றர், பிறகு 90 பாகை, மறுபடி 90 பாகை.

குளோ பிளக்கில் ஒரு பொறி இருக்கிறது. பழைய எல், 2 எல் எஞ்சின்கள் சிலவற்றுக்கு 6 வோல்ட் பிளக். ஒரு தடையின் வழியாக வேலை செய்பவை. பிந்திய எஞ்சின்களுக்கு 12 வோல்ட்டை ஒட்டியவை. பிளக்கிலேயே அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதற்குரிய றிலேயைப் போடவேண்டும். 6 வோல்ட் பிளக்குக்கு நேரே 12ஐக் கொடுத்தால் ஒரு கிழமைக்குள் நாலும் எரிந்துபோகும். "நல்ல எஞ்சின்தான், காலமையில மட்டும் பிடிக்குதில்லை" என்ற முறைப்பாட்டில் பாதிக்குக் காரணம் இதுதான்.

வெல்டிங் பிடிக்க முன்னம்

இந்த வேலை முழுவதிலும் திரும்பிவர முடியாத இடம் ஒன்றே ஒன்று. புது மவுண்டிங் பிளேற்றை வானின் சட்டத்தில் வைத்து முதல் வெல்டிங் புள்ளி பிடிக்கும் நேரம். பின்னால் வரும் தொல்லைகளில் மிகப் பெரும்பாலானவை, சூடேறுவது, 60 இல் உதறுவது, ஆசனத்துக்குக் கீழே சுடுவது, கியர் இறுகுவது, ஸ்டியரிங் தடி சம்ப்பில் முட்டுவது எல்லாமே, அந்தப் புள்ளி எங்கே விழுந்தது என்பதில் தீர்மானமாகிவிடுகின்றன. ஆனால் கராஜில் இந்த இடத்தைத்தான் அவசரமாகக் கடக்கிறோம். எஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது, நாலு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், "வை, வை, சரி, பிடி" என்று முடிந்துவிடுகிறது. இந்த வேலைக்கு இரண்டு நாள் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அளவுகள் பழைய எஞ்சின் உள்ளே இருக்கும்போதே தொடங்கவேண்டும். வான் நாலு சில்லிலும் சமதரையில் நிற்கவேண்டும், தண்ணீர்த் தாங்கி நிரம்பியிருக்கவேண்டும், கட்டில், சாமான் எல்லாம் உள்ளே இருக்கவேண்டும். வெறும் வானில் அளந்தாலோ, ஜக்கில் தூக்கிப் பின்னச்சு தொங்கும்போது அளந்தாலோ பின்பக்க ஸ்பிறிங் வேறு உயரத்தில் இருக்கும், கோணம் எல்லாம் பொய். கிறாங்க் புலியின் (எஞ்சின் முன்னால் பெல்ற் ஓடும் சில்லு) நடுவிலிருந்து சட்டத்தின் மேல்விளிம்புக்கு எவ்வளவு, இரு பக்கச் சட்டத்துக்கும் எவ்வளவு, ஃபேனுக்கும் றேடியேற்றருக்கும் எவ்வளவு, பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சாப்ட் பூட்டும் கியர் பெட்டியின் பின் ஃபிளாஞ்ச் எங்கே முடிகிறது என்று எழுதிவைக்கவேண்டும். பிறகு கைத்தொலைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியை ஃபிளாஞ்ச்சில் வைத்துக் கியர் பெட்டியின் சாய்வையும், டிப்ரென்ஷியல் மூக்கின் சாய்வையும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, ஒரு பாகைக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் விலகினால் சாப்ட்டின் குறொஸ் ஜொயின்ற் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து சுற்றும். 60 இல் தொடங்கும் அந்த உதறலை எந்தப் பலன்சிங்கும் நிறுத்தாது. சாப்ட்டைத் திரும்பத் திரும்ப லேத்துக்கு அனுப்புகிறவர்கள் பார்க்கவேண்டிய இடம் இந்தக் கோணம்.

எஞ்சினை முழுதாக ஏற்றி இறக்கிப் பொருத்திப் பார்ப்பது முதுகை முறிக்கும் வேலை. மானிபோல்ட், பம்ப், அல்டனேற்றர் எல்லாம் கழற்றிய புளொக், ஹெட், சம்ப், வெறும் கியர் பெட்டி இவற்றை மட்டும் பூட்டி உள்ளே வைத்தால் செயின் புளொக்கும் இரண்டு ஜக்கும் போதும். வானைத் தூக்கிக் கீழிருந்து ஏற்றுவதே வசதி. உள்ளே வைத்து, மரக்கட்டையில் நிறுத்தி, சில்லுகளைத் தரைக்கு இறக்கிய பிறகுதான் அளக்கத் தொடங்கவேண்டும். ஸ்டியரிங்கை இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை திருப்பி, எந்தத் தடியும் சம்ப்புக்கு 20 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரக்கூடாது. முன் ஒரு சில்லை மட்டும் தூக்கியும் பார்க்கவேண்டும், சமதரையில் முட்டாதது குழியில் முட்டும். டீசல் எஞ்சின் நிறுத்தும் கணத்தில் பக்கவாட்டில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆடும் என்பதை மனதில் வைத்து, எதையும் அதற்கு உள்ளே விடக்கூடாது. ஃபேன் இதழ் றேடியேற்றர் வலையிலிருந்து 25 மில்லிமீற்றராவது தள்ளி, காற்று மறைப்புக்குள் பாதி புகுந்து பாதி வெளியே நிற்கவேண்டும். முழுக்க உள்ளே போனாலும் முழுக்க வெளியே நின்றாலும் காற்று றேடியேற்றரால் வராமல் அங்கேயே சுழலும். மறைப்பே இல்லாமல் ஓடுகிற வான்கள்தான் முறிகண்டியில் மூடி திறந்து நிற்கின்றன.

எஞ்சினை எவ்வளவு முன்பின் நகர்த்துவது என்பது இந்த ஃபேனுக்கும் பின்னால் சாப்ட்டுக்கும் நடக்கும் பேரம். இதில் ஃபேனை வெல்லவிடுங்கள். சாப்ட்டை வெட்டி நீளம் மாற்றலாம், றேடியேற்றரை இன்னும் முன்னே தள்ள அந்த வானின் முகத்தில் இடமில்லை. சாப்ட்டின் வழுக்கு முனை உள்ளே முழுதும் போய் முட்டாமல் 20 முதல் 25 மில்லிமீற்றர் ஓட்டம் மிச்சம் வைத்து நீளத்தை எடுக்கவேண்டும். வெட்டி ஒட்டிய சாப்ட்டில் இருபக்க ஜொயின்ற் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும், பிறகு பலன்ஸ் பார்க்கவேண்டும்.

உயரத்தில் பேராசை வேண்டாம். எஞ்சினைக் கொஞ்சம் தூக்கினால் சம்ப் தப்பும், ஆனால் மேல்மூடி ஆசனத்தை முட்டும், பிறகு மூடியை வெட்டி உயர்த்துவார்கள், வெட்டிய இடத்தால் சூடும் புகையும் உள்ளே வரும். படுத்து உறங்குகிற வானில் இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். எஞ்சின் மூடிக்கு முழுச் சுற்றிலும் றபர் சீல் வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரைக்கு இறங்கி, ஓட்டையிருந்தால் ஸ்டாற்றர் இருக்கும் குழிக்குள் போய்த் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஒரு துவாரம் கட்டாயம்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு பிளேற். இந்த வானின் சட்டம் லொறியின் செசி மாதிரித் தடித்த இரும்பல்ல, உடலோடு ஒட்டிய மெல்லிய தகடு. தடித்த மவுண்டிங் கையை நேரே ஒட்டினால், ஒட்டு நிற்கும், அதைச் சுற்றித் தகடு கிழியும். முதலில் 3 அல்லது 4 மில்லிமீற்றர் பிளேற்றைக் கையைவிட இரண்டு மடங்கு அகலமாக, மூலைகளை வட்டமாக வெட்டி, பாரம் பரவும்படி ஒட்டி, அதன்மேல் 6 மில்லிமீற்றர் கையும் முக்கோணத் தாங்கியும் வைக்கவேண்டும். சட்டத்துக்குக் குறுக்காக மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெல்டிங் இழுக்கக்கூடாது, வெடிப்பு அந்தக் கோட்டிலேயே தொடங்கும். பற்றறி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். முதலில் புள்ளி மட்டும். பிறகு கட்டையை எடுத்து, எஞ்சின் பாரத்தை மவுண்டிங் றபரில் இறக்கி, கோணங்களை மறுபடி அளக்கவேண்டும். றபர் அமர்ந்ததும் ஒரு பாகை மாறியிருக்கும், இது தவறாமல் நடக்கும். திருத்திய பின் எஞ்சினை இறக்கிவிட்டு முழு வெல்டிங். றபர் டீசல் எஞ்சினுக்குரியதாக இருக்கவேண்டும், பழைய பெற்றோல் றபர் 3 எல்லின் ஆட்டத்தில் சில மாதத்தில் கிழியும்.

சூடு

பிரேசிலில் ஃபோக்ஸ்வாகன் கொம்பியை 2013 டிசம்பர் வரை செய்தார்கள். 2005 இன் கடைசியில் அதன் காற்றால் குளிரும் எஞ்சினை விட்டுவிட்டு 1.4 லீற்றர் நீர்க்குளிர்ச்சி எஞ்சினைப் பின்னால் வைத்தபோது, அந்த அழகான முகத்தில் ஒரு கறுப்புக் கிறிலை ஒட்டவேண்டி வந்தது, ஏனென்றால் றேடியேற்றருக்குக் காற்று அங்கேதான் கிடைக்கும். தொழிற்சாலைக்கே எஞ்சின் மாற்றம் என்பது இறுதியில் குளிர்ச்சிப் பிரச்சினையாகத்தான் வந்து நின்றது. எங்கள் வானிலும் அப்படியே. 12 ஆரின் றேடியேற்றர் 3 எல்லுக்குப் போதாது. டொல்பினின் றேடியேற்றரை மறைப்போடு வைக்கவேண்டும், அதன் பக்கங்களில் காற்று ஓடித் தப்பாமல் ஸ்பொஞ்ச் அல்லது தகட்டால் அடைக்கவேண்டும். ஹெட் றேடியேற்றர் மூடியைவிட உயரத்தில் வந்தால் உள்ளே காற்று தங்கும், ஆகவே நீர் ஊற்றும் தாங்கி வானில் எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் இருக்கவேண்டும்.

வன்னிக் கிணற்று நீரைப் பற்றி எங்கள் கேத்தில்களே சொல்லும். கொதித்துக் கொதித்து அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவுதான் ஹெட்டின் நீர்வழிகளிலும் படிகிறது, அதுவும் வால்வுகளுக்கு நடுவில், எங்கே குளிர்ச்சி மிகவும் தேவையோ அங்கே. வடித்த நீரோடு கூலன்ட் கலந்து ஊற்றவேண்டும். அது இல்லாத இடத்தில் மாரியில் சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீர் குழாய்க்கிணற்று நீரைவிட நூறு மடங்கு நல்லது. தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறியும் பழக்கத்தையும் விடவேண்டும். பைபாஸ் வழியுள்ள எஞ்சினில் அதைக் கழற்றினால் நீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே திரும்பிச் சுற்றும்.

சூடு காட்டும் கேஜும் அதன் சென்சரும் சோடியாக வரவேண்டும். பழைய பெற்றோல் டாஷில் இருக்கும் கேஜுக்கு 3 எல்லின் சென்சரைக் கொடுத்தால் ஊசி நடுவில் நிற்கும், உண்மை எங்கோ இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஹோஸ் வெடித்து நீர் முழுதும் போனால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், கேஜ் சூடு குறைவதாகவே காட்டும், ஹெட் வெடித்துவிடும். தாங்கியில் நீர் மட்டம் இறங்கினால் ஒலிக்கும் ஒரு சின்ன அலாரம் இந்த வேலையிலேயே மலிவான பொருள், மிகப் பெறுமதியான பொருளும் அதுதான்.

பிரேக்கும் எண்ணெய்யும்

பெற்றோல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சல் மானிபோல்டிலிருந்து வருகிறது. டீசலில் அந்த உறிஞ்சல் கிடையாது. அல்டனேற்றரின் பின்னால் இருக்கும் வக்குவம் பம்ப்தான் அதைச் செய்கிறது. செலவு குறைக்கப் பம்ப் இல்லாத அல்டனேற்றரைப் பூட்டினால் வான் ஓடும், நிற்காது. பம்ப்புக்கு ஒயில் வரும் குழாயும், சம்ப்புக்குத் திரும்பும் தடித்த குழாயும் மடிபடாமல் இருக்கவேண்டும். சோதிப்பது எளிது: எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஆறேழு தரம் மிதித்து, இறுகியதும் மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணினால் கால் சற்றே கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் வானை கராஜ் வாசலுக்கு வெளியே எடுக்கக்கூடாது. முன்னால் பாரம் கூடியிருப்பதால் முன் ஸ்பிறிங்கையும் பார்க்கவேண்டும்.

பெற்றோல் தாங்கியின் உள்ளே பல வருடப் பசை ஒட்டியிருக்கும். டீசல் அதைக் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். கழற்றி நன்றாகக் கழுவி, 8 மில்லிமீற்றர் போகும் குழாயும், பம்ப்பிலிருந்து மிச்சம் திரும்பிவர ஒரு குழாயும் வைக்கவேண்டும். புதுத் தாங்கி செய்வதென்றால் கல்வனைஸ் தகடு கூடாது, டீசல் நாகத்தோடு சேரக்கூடாது. வயல் வேலைக்குக் கானில் வாங்கி வைத்த டீசலை ஊற்றும் பழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு, அதனால் ஃபில்டருக்கு முன்னால் நீர் பிரிக்கும் கிண்ணம் அவசியம். மாரி காலத்தில் கிழமைக்கு ஒருதடவை வடித்துவிடவேண்டும். காற்றை உள்ளெடுக்கும் வாயை முன்சில்லுக்குப் பின்னால் தூசிக்குள் வைக்காமல், கூரையை ஒட்டி மேலே கொண்டுபோனால் ஃபில்டர் பல மடங்கு நாள் நிற்கும், வெள்ளத்துக்கும் பாதுகாப்பு.

புத்தகம்

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், சிசி, எரிபொருள் மூன்றும் இருக்கின்றன. மூன்றுமே மாறுகின்றன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் கேட்டுவிட்டு எஞ்சினை வாங்குவதுதான் ஒழுங்கு. வாங்கிய பற்றுச்சீட்டும், இறக்குமதி எஞ்சினென்றால் அதன் சுங்கப் பத்திரப் பிரதியும் கையில் இருக்கவேண்டும். பெற்றோல் என்று புத்தகத்தில் இருக்கும் வானை டீசல் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் அங்கேயே நிற்கும், அது இல்லாமல் வருட வரிப்பத்திரம் இல்லை, விபத்தென்றால் காப்புறுதியும் கேள்வி கேட்கும். 2009 இல் வாகனத்தையும் புத்தகத்தையும் ஒன்றாக இழந்தவர்கள் வாழும் மண்ணில் கடதாசியின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

முதல் ஓட்டம்

ஏ9 இல் 80 இல் ஓட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல, அங்கே காற்றே குளிர்விக்கும். 185 ஆர் 14 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் போகும். டிப்ரென்ஷியல் 4.3 என்றால் 80 இல் நாலாம் கியரில் எஞ்சின் 2900 அளவிலும், 0.85 விகித ஐந்தாம் கியரில் 2450 அளவிலும் சுற்றும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் ஐந்து கியர் பெட்டியை வலியுறுத்துகிறேன். உண்மையான சோதனை, சோளகம் வீசும் ஒரு மத்தியானம், முழுப் பாரத்தோடு, காற்று பின்னாலிருந்து தள்ளும் திசையில், கிரவல் றோட்டில் இரண்டாம் கியரில் அரைமணி நேரம். பிறகு நிறுத்தாமல் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு ஊசியைப் பாருங்கள். அங்கே நிலையாக நின்றால் ஆவணியில் மடுவுக்கும் போகலாம், கதிர்காமத்துக்கும் போகலாம். ஏறினால் முதலில் காற்று மறைப்பு, பிறகு ஃபேனின் விஸ்கஸ் கப்ளிங், பிறகுதான் றேடியேற்றர் என்ற ஒழுங்கில் தேடுங்கள்.

முதல் 500 கிலோமீற்றரில் டீசல் ஃபில்டரை மாற்றவேண்டும், தாங்கியில் மிஞ்சிய பசை அதற்குள் வந்திருக்கும். ஆயிரத்தில் ஒயிலும் ஒயில் ஃபில்டரும், கியர் பெட்டி ஒயிலும். மவுண்டிங் போல்ற்றுகள், சாப்ட் ஃபிளாஞ்ச் போல்ற்றுகள், எக்சோஸ்ட் நட்டுகள் எல்லாவற்றையும் இறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ஸ்பனர் போட்டு மறுபடி இறுக்கவேண்டும். மவுண்டிங் பிளேற்றின் விளிம்புகளைத் துணியால் துடைத்து, டோர்ச் அடித்து, மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஏதும் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த முனையில் 3 மில்லிமீற்றர் துளை போட்டு நிறுத்திவிட்டு, பிளேற்றை அகலப்படுத்தி ஒட்டவேண்டும். பெல்ற் மாற்றிய திகதியையும் அப்போது மீற்றர் காட்டிய கிலோமீற்றரையும் எஞ்சின் மூடியின் உள்பக்கத்தில், அடுத்ததாகத் திறக்கிற மெக்கானிக்கின் கண்ணில் படும்படி எழுதி ஒட்டிவிடுங்கள்.